தன்னடக்கத்துக்கும் தாழ்மைக்கும் நடுவில்

ஆம்பூர்
18 ஜூன் 2023

கர்த்தருக்குள் பிரியமான தங்கை ஜாஸ்மினுக்கு அண்ணன் இன்பராஜ் எழுதுவது. ஸ்தோத்திரம். நான் சுகமாக இருக்கிறேன். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று எழுதவும்.

போனில் பேசினால் உன் மலைக்காற்றின் சத்தம்தான் எனக்குக் கேட்கிறது. இது சத்தம் போட்டுச் சொல்லக்கூடிய விஷயமும் இல்லை. அதனால்தான் கடிதம்.

நம் சபைக்கு அடுத்த வருஷம் நூறு ஆண்டு நிறைகிறது. மலர் போடலாம் என்று கமிட்டியில் சொன்னார்கள். மலர் போட்டால் கமிட்டிக்காரர்களின் படம்தான் வரும், யாரும் திரும்ப எடுத்துப் பார்க்கமாட்டார்கள் என்று நான் சொல்லிவிட்டேன். அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமச் சபைகளுக்குப் பாஸ்டர் மாதம் ஒரு முறைதான் போகிறார். மற்ற ஞாயிறுகளில் என்னைப் போன்றவர்கள்தான் பேசுகிறோம். ஷூ கம்பெனி ஆபீஸில் காலத்தை ஓட்டினவனுக்கு என்ன பிரசங்கம் தெரியும்? கைக்கு ஒரு புத்தகம் வேண்டும். 'கோபம்' என்று தேடினால் கோபத்தைப் பற்றி மிஷனரிகளும் பக்தர்களும் சொன்ன நாலு வார்த்தை கிடைக்க வேண்டும். அகர வரிசையில், யார் சொன்னது, எங்கே சொன்னது என்ற விவரத்தோடு. என்னிடம் இருக்கும் பழைய தொகுப்புகளில் பாதி மேற்கோளுக்குப் பெயரே இல்லை. மீதிக்குத் தப்புப் பெயர். நம்முடையது அப்படி இருக்கக் கூடாது.

பேசினவன் தலையிலேயே பொறுப்பைக் கட்டிவிட்டார்கள். உங்கள் மிஷன் ஆஸ்பத்திரியில் பழைய இங்கிலீஷ் புத்தகங்கள் இருக்கிறது என்பாயே. நேரம் கிடைக்கும்போது பார்த்து, நல்ல வரிகளைத் தமிழில் எழுதி அனுப்பு. தலைப்புகளைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன்.

அமிர்தவள்ளி பெங்களூரில் ஹெப்சிபா வீட்டில் இருக்கிறாள். பேரனுக்குப் பல் முளைக்கிறது. அடுத்த மாதம் வந்துவிடுவாள்.

ஊழியக்காரர்களை நினைக்கும் மிஷன் ஞாயிறில் உன் பெயரைச் சொல்லிச் சபையார் ஜெபித்தோம். நம் குடும்பத்தில் ஊழியத்துக்கென்று போனவள் நீ ஒருத்திதான்.

இப்படிக்கு,
அண்ணன் இன்பராஜ்

*

மிஷன் ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ், சத்தீஸ்கர்
9 ஜூலை 2023

அன்புள்ள அண்ணனுக்கு ஜாஸ்மின் எழுதுவது. கடவுள் கிருபையால் சுகம். மழை வருவதை வானத்துக்கு முன்னால் என் மூட்டு சொல்லிவிடுகிறது, மற்றபடி குறையில்லை. அண்ணியையும் ஹெப்சியையும் விசாரித்ததாகச் சொல்லுங்க.

இங்கே வேலை சரியாக இருக்கிறது. ரிட்டயர் ஆனாலும் விடமாட்டேன் என்கிறார்கள்.

லைப்ரரி சாவி என்னிடம்தான் இருக்கிறது. பாதி கரையானுக்குப் போய்விட்டது. தப்பினதில் ஒரு டாக்டரும் ஒரு பாதிரியாரும் எழுதினதைப் பக்க எண்ணோடு எழுதியிருக்கிறேன். ரெண்டும் சுமார்தான். மூன்றாவதாக ஒன்று, இதே ஆஸ்பத்திரியில் அந்தக் காலத்தில் நர்ஸாக இருந்த அக்னெஸ் ஹார்வுட் என்ற அம்மா சொன்னது. 'காத்திருத்தல்' என்ற தலைப்புக்கு ஆகுமா பாருங்க.

"கதவைத் தட்டுகிறவருக்குத்தான் பொறுமை வேண்டும் என்று நினைத்திருந்தேன். உள்ளே உட்கார்ந்து, தட்டும் சத்தம் கேட்குமா என்றிருப்பவளுக்கு அதைவிட அதிகம் வேண்டும்."

பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்க. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்க.

தங்கை,
ஜாஸ்மின்

*

ஆம்பூர்
2 ஆகஸ்ட் 2023

பிரியமான ஜாஸ்மினுக்கு, சமாதானம் உண்டாவதாக. இங்கே வெயில் குறைந்தபாடில்லை. நான் சுகம்.

டாக்டரும் பாதிரியாரும் சொன்னதை அப்படியே சேர்த்துவிட்டேன். அந்த நர்ஸ் அம்மா சொன்னதைத்தான் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பாஸ்டர் ஐயாவிடம் காட்டினேன். இப்படி ஒருவரை இத்தனை நாள் யாரும் கண்டுபிடிக்கவில்லையே என்றார்.

எந்தப் புத்தகம், எந்த வருஷம், எத்தனையாம் பக்கம் என்று எழுத மறந்துவிட்டாய். அது இல்லாமல் நான் எதையும் சேர்ப்பதில்லை என்று உனக்குத் தெரியும். இன்னும் அவர் சொன்னது இருந்தால் அனுப்பு. 'தனிமை' என்ற தலைப்பில் ரெண்டே ரெண்டுதான் கிடைத்திருக்கிறது. 'ஜெபம்', 'துன்பம்' ரெண்டுக்கும் நிறைய இருந்தாலும் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது.

பேரனுக்குக் காய்ச்சல். அதனால் அமிர்தவள்ளி வருவது தள்ளிப்போயிருக்கிறது. நான் ஓட்டல் சாப்பாட்டுக்குப் பழகிக்கொண்டேன்.

இப்படிக்கு,
இன்பராஜ்

*

சத்தீஸ்கர்
11 செப்டம்பர் 2023

அன்புள்ள அண்ணனுக்கு, நலம். உங்கள் நலமும் அண்ணி நலமும் அறிய ஆவல். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

பதில் எழுத நாளாகிவிட்டது. மழையில் ரோடு அறுந்து, தபால்காரர் மேலே வரவில்லை.

அந்தப் புத்தகத்துக்கு அட்டையும் முதல் பக்கங்களும் இல்லை. வருஷம் தெரியவில்லை. பக்க எண் இருந்த ஓரத்தைக் கரையான் தின்றுவிட்டது. 'தனிமை'க்கு இது இருக்கிறது:

"ஆண்டவரே, ஒருத்திக்கு மட்டும் சமைக்கும்போது உப்பின் அளவு எனக்குப் பிடிபடவில்லை. நீரும் வந்து உட்காரும்."

இதில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. பிரசங்கத்துக்கு உதவுமோ என்னமோ.

ஆம்பூரில் நம் வீட்டு மாடி அறை இன்னும் பூட்டித்தான் கிடக்கிறதா? சும்மா ஞாபகம் வந்தது, கேட்டேன்.

ஜாஸ்மின்

*

ஆம்பூர்
3 அக்டோபர் 2023

பிரியமான தங்கைக்கு, நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன்.

உன் அக்னெஸ் அம்மாவைப் போன ஞாயிறு அணைக்கட்டுப் பக்கம் பிரசங்கத்துக்கு அழைத்துப் போனேன். அந்த உப்பு விஷயத்தைச் சொன்னேன். பின்னால் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஆராதனை முடிந்ததும் சம்பூர்ணம் என்று ஒரு அம்மா என்னிடம் வந்தார். வயல் வேலைக்குப் போகிறவர், ஒண்டிக்கட்டை. "இன்னா ஐயா, அந்தம்மா இன்னும் இருக்காங்களா?" என்று கேட்டார். அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது என்றேன். "யாரும் போய்ப் பார்த்துக்கலையா?" என்று கேட்டார். அவர் ஊழியக்காரர், ஆண்டவர் கூடவே இருப்பார், அவர்களுக்கெல்லாம் நம்மைப் போல அந்தக் கஷ்டம் தெரியாது என்று விளக்கினேன். அந்த அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். படிக்காதவர்களுக்கு உவமையைப் புரியவைப்பது கஷ்டம்.

மாடி அறையில் சபைப் புத்தகக் கட்டுகளைப் போட்டு வைத்திருக்கிறேன். வேறு யார் அங்கே இருக்கப் போகிறார்கள்? நீ அங்கே உன் இடத்தில் இருப்பதை நினைத்தால் எனக்குச் சில சமயம் பொறாமையாகக்கூட இருக்கிறது.

அமிர்தவள்ளி கிறிஸ்துமஸுக்குக் கண்டிப்பாக வருகிறாள்.

இன்பராஜ்

*

சத்தீஸ்கர்
30 அக்டோபர் 2023

அன்புள்ள அண்ணனுக்கு, சுகம்.

அந்த அம்மாவை அடுத்த முறை பார்த்தால் என் ஸ்தோத்திரத்தைச் சொல்லுங்க.

நீங்கள் கேட்ட மற்ற ரெண்டு தலைப்புக்கும் எழுதியிருக்கிறேன். இதற்குமேல் அந்தப் புத்தகத்தில் இல்லை.

ஜெபம்: "எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு எல்லாரும் எழுந்து போகிறார்கள். என் பெயரை யார் சொல்வார் என்று நான் ஆண்டவரிடம் கேட்டதில்லை. கேட்டால் அவர் சங்கடப்படுவார்."

துன்பம்: "சுண்ணாம்புக் குழியில் கிடக்கும் தோலுக்கு, தான் செருப்பாகப் போகிறோம் என்று தெரியாது. தன்மேல் இருந்த முடி கழல்வதை மட்டும் அது அறியும்."

குளிர் ஆரம்பித்துவிட்டது. நீங்கள் காலையில் நடக்கப் போகும்போது காதைக் கட்டிக்கொண்டு போங்க.

ஜாஸ்மின்

*

ஆம்பூர்
20 நவம்பர் 2023

பிரியமான ஜாஸ்மினுக்கு, ஸ்தோத்திரம். இங்கே விடாத மழை. ஜலதோஷம் தவிர வேறொன்றும் இல்லை.

எல்லாவற்றையும் வேலூரில் சர்தார் பாஷாவின் அச்சகத்தில் கொடுத்துவிட்டேன். அவர் என்னோடு கம்பெனியில் இருந்தவர், என் தோஸ்த். பிள்ளையோடு சேர்ந்து இப்போது அச்சகம் நடத்துகிறார். நீ அனுப்பினதைப் படித்துப் பார்க்கக்கூட நேரமில்லை, அப்படியே டைப் அடிக்கக் கொடுத்தேன்.

புத்தகத்தின் கடைசியில் ஒவ்வொருவரைப் பற்றியும் நாலு வரி வேண்டும். அக்னெஸ் ஹார்வுட் எங்கே பிறந்தார், எப்போது மறைந்தார், என்ன செய்தார் என்று விசாரித்து எழுது. அங்கே பழைய டாக்டர்கள் யாரையாவது கேள். அவசரம்.

இன்பராஜ்

*

சத்தீஸ்கர்
6 டிசம்பர் 2023

அன்புள்ள அண்ணனுக்கு, உங்கள் ஜலதோஷம் விட்டதா? மிளகு ரசம் வைத்துக் குடிங்க. ஓட்டலில் கேட்டால் தருவார்கள்.

நீங்கள் கேட்ட நாலு வரி:

"அக்னெஸ் ஹார்வுட். நர்ஸ். பிறந்த ஊரும் வருஷமும் தெரியவில்லை. சின்ன வயதில் இந்த மலைக்கு வந்தார். பிரசவம் பார்ப்பதில் கைராசிக்காரர் என்று பெயர். ஓய்வு பெற்ற பிறகும் ஊர் திரும்பவில்லை. திரும்பி வா என்று யாரும் எழுதவில்லை."

உங்களுக்கும் அண்ணிக்கும் ஹெப்சி குடும்பத்துக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து. தனியாக ஒரு பார்சலில் நெல்லிக்காய் வற்றல் அனுப்பியிருக்கிறேன். அண்ணிக்குப் பிடிக்கும்.

ஜாஸ்மின்

*

சத்தீஸ்கர்
28 ஜனவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு, சுகமா? பண்டிகை போய்ப் பொங்கலும் போய்விட்டது, உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. மேட்டில் ஏறி நின்று போன் பண்ணினேன். மணி அடித்து அடித்து நின்றுவிட்டது. அண்ணி நம்பர் பழைய போனோடு போய்விட்டது.

உடம்பு சரியில்லையா? ஒரு கார்டு போடுங்க, போதும். அந்த நாலு வரி புத்தகத்துக்கு ஏற்றதாக இல்லையென்றால் எடுத்துவிடுங்க. நான் தப்பாக நினைக்கமாட்டேன்.

ஜாஸ்மின்

*

ஆம்பூர்
10 பிப்ரவரி 2024

ஜாஸ்மின்,

வழக்கம்போல ஆரம்பிக்கலாம்னு பேனாவை எடுத்தேன், வரல. உடம்பு நல்லாத்தான் இருக்கு. நீ போன் பண்ணினது தெரியும். எடுக்கலை.

கிறிஸ்துமஸுக்கு முன்னாடி சர்தார் பாஷா புரூஃப் கொடுத்தார். "இந்த நர்ஸம்மா பக்கம் வந்தா மட்டும் டைப் அடிக்கிற பொண்ணு நிறுத்திப் படிக்குது"ன்னு சொன்னார். அங்கேயே உக்காந்து நானும் படிச்சேன். துன்பம்கிற தலைப்புல வந்து நின்னுட்டேன். மலைமேல இருந்த வெள்ளைக்காரம்மா சுண்ணாம்புக் குழியை எங்க பார்த்தாங்க? நம்ம அப்பா தோல் பதனிடுற டேனரியில குழியில இறங்கி வேலை செஞ்சவர். கால் வெந்து வருவார். நீதான் எண்ணெய் தடவி விடுவ. தோல்ல முடி எப்படிக் கழலும்னு அப்ப அவர் உனக்குச் சொல்லிட்டிருப்பார்.

முதல்ல கோபம் வந்துச்சு. பேர் இல்லாததைச் சேர்க்கமாட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு, இல்லாத ஒரு புத்தகத்தை வெச்சுப் பிரசங்கம் பண்ணியிருக்கேன். தங்கச்சியே ஏமாத்திட்டாளேன்னு இருந்துச்சு. பண்டிகை அன்னிக்குக் கோயிலுக்குப் போய்ட்டு வந்து, கோபத்தோட அந்த நாலையும் திரும்பப் படிச்சேன். அப்புறம் நீ எழுதி அனுப்பின வாழ்க்கைக் குறிப்பையும் படிச்சேன். அது அக்னெஸ் ஹார்வுட் இல்ல, நீதான்னு அப்பத்தான் தெரிஞ்சுது. கோபம் போய்டுச்சு. ஆனா பேனா எடுக்க முடியல.

பண்டிகைக்கு அமிர்தவள்ளி வரல. நான் உனக்கு எழுதினது நிஜம் இல்ல. அவ பெங்களூரு போய் ரெண்டு வருஷம் ஆகப்போகுது. நடுவுல ஒரு கல்யாணத்துக்கு வந்து ஒரு ராத்திரி இருந்துட்டுப் போனா. சண்டை ஒண்ணும் இல்ல. சண்டைன்னா யார்கிட்டயாவது சொல்லலாம். அவளுக்கு அங்க வேலை இருக்கு, எனக்கு இங்க சபை இருக்கு, அவ்ளோதான். அடுத்த மாசம் அடுத்த மாசம்னு எழுதி எழுதி எனக்கே பழகிடுச்சு.

அந்த நாலு மேற்கோளையும் குறிப்பையும் புத்தகத்துல இருந்து எடுத்துட்டேன். பாஸ்டர் ஐயாவுக்கு மனசே இல்ல. 'பெயர் அறியப்படாதவர்'னு போட்டுடலாமேன்னார். பெயர் எனக்குத் தெரியுமே ஐயான்னு சொன்னேன்.

அங்க இன்னா நடக்குது? மறைக்காம எழுது. இல்லன்னா எழுதவே வேணாம், கிளம்பி வந்துடு.

அண்ணன்

*

சத்தீஸ்கர்
2 மார்ச் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்க கடிதத்தைப் படிச்சுட்டுக் கொஞ்ச நாள் வெச்சிருந்தேன். கோபமா எழுதியிருந்தாகூடப் பரவாயில்லன்னுதான் பிரிச்சேன்.

ஆஸ்பத்திரியை மூடி ரெண்டு வருஷம் ஆகப்போகுது. டாக்டர் கிடைக்கல, நர்ஸுங்க டவுனுக்குப் போய்ட்டாங்க. என்னை மட்டும், இருக்கிற வரைக்கும் குவார்ட்டர்ஸ்ல இருந்துக்கோங்கன்னு சொன்னாங்க. வாட்ச்மேன் குடும்பமும் போன மழைக்கு முன்னாடி இறங்கிடுச்சு. கீழ் ஊர்ல இருந்து எப்பவாவது ஒரு பொண்ணைப் பிரசவத்துக்குத் தூக்கிட்டு வருவாங்க. இங்க ஒண்ணும் இல்லன்னு சொல்லி, கூடவே ரோடு வரைக்கும் போய் ஜீப்ல ஏத்திவிட்டு வருவேன். என் ஊழியம் இப்ப அவ்வளவுதான்.

உங்ககிட்ட முதல்லயே சொல்லியிருப்பேன். மிஷன் ஞாயிறுல உன் பேரைச் சொல்லி ஜெபிச்சோம்னு எழுதுவீங்க. அதைப் படிச்சப்புறம், மூடின கட்டடத்துல உக்காந்திருக்கேன்னு எழுதக் கை வராது.

அக்னெஸ் ஹார்வுட்னு ஒருத்தங்க நிஜமாவே இருந்தாங்க. இங்க கல்லறையில பேர் இருக்கு, பேர் மட்டும்தான். நர்ஸா இருந்தாங்களான்னுகூடத் தெரியாது. முதல்ல ஒரு வரி எழுதினேன், என் பேரைப் போட வெக்கமா இருந்துச்சு, அவங்க பேரைப் போட்டேன். நீங்க இன்னும் அனுப்புன்னு எழுதினீங்க. அந்தக் கடிதம் வந்த அன்னிக்கு எனக்கு ஜாஸ்தி சந்தோஷம். உங்க பேரைக் கெடுக்க நினைக்கல அண்ணா. மன்னிச்சிடுங்க.

வந்துடுன்னு எழுதியிருக்கீங்க. அந்த வார்த்தைக்காக நான் ரொம்ப நாளா காத்திருந்தேன். ஆனா உடனே வரமாட்டேன். அண்ணிகிட்ட எப்ப வர்றன்னு கேட்டிருப்பீங்க. நீ இல்லாம கஷ்டமா இருக்குன்னு சொன்னீங்களா? சொல்லியிருக்கமாட்டீங்க, எனக்கு உங்களைத் தெரியும். அவங்களும் அங்க அந்த ஒரு வார்த்தைக்காக உக்காந்திருக்கலாம். முதல்ல பெங்களூரு போயிட்டு வாங்க. அண்ணி இருக்க வேண்டிய வீட்டுல, அவங்களைக் கேக்காம நான் வந்து உக்காந்தா நல்லா இருக்காது.

உங்க ஜாஸ்மின்

*

ஆம்பூர்
24 மார்ச் 2024

ஜாஸ்மின்,

பெங்களூரு போயிட்டு வந்தேன்.

ரெண்டு நாள் ஹால்ல உக்காந்து பேரனோட விளையாடினேன், பேச்சு வரல. கிளம்புற அன்னிக்குக் காலையில சமையல்கட்டு வாசல்ல நின்னு சொல்லிட்டேன். நீ இல்லாம அந்த வீட்டுல இருக்க முடியல அமிர்தம்னு. அவ அடுப்பை அணைச்சா. திரும்பாமலே, "இதை நான் கிளம்பும்போது சொல்லியிருந்தா இங்க வந்தே இருக்கமாட்டேங்க"ன்னா. அப்புறம், "இப்ப இந்தப் பிள்ளை என்னை விடாது. ஹெப்சி வேலையை விட்டுடுவா"ன்னு சொன்னா. அவ சொல்றது நியாயம்தான். என்னை அங்கயே வந்து இருக்கச் சொன்னா. ரெண்டு ரூம் வீடு, மாப்பிள்ளைக்கு எத்தனை நாள் பிடிக்கும்? ஸ்டேஷன் வரைக்கும் வந்தா. எங்களுக்குக் கல்யாணமான புதுசுல இருந்து அவ என்னை ரயில் ஏத்திவிட வந்ததே இல்ல. உன் விஷயத்தையும் சொன்னேன். முதல்ல போய் அவங்களைக் கூட்டிட்டு வாங்க, லீவுக்கு நானும் வர்றேன்னா. உன் நெல்லிக்காயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், டப்பாவை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா.

நம்ம மேற்கோள் அகராதி அச்சாகி வந்துடுச்சு. அதுல 'தனிமை'ங்கிற தலைப்பே இல்ல. மீதி இருந்த ரெண்டு மேற்கோளும் தனியா இருந்து பார்க்காதவங்க சொன்னது மாதிரி எனக்குப் பட்டுச்சு, அதையும் எடுத்துட்டேன். இப்ப தன்னடக்கம் முடிஞ்சா நேரா தாழ்மை வருது. இதுவரைக்கும் யாரும் கேக்கல. கிராமச் சபைக்குக் கொடுத்தவங்க எல்லாம் உபயோகமா இருக்குன்னு சொல்றாங்க. எனக்கும் சந்தோஷம்தான்.

புதன்கிழமை காட்பாடியில ரயில் ஏறுறேன். உன் ஊருக்கு எப்படி வரணும்னு சர்தார் பாஷா பையன் போன்ல பார்த்து எழுதிக் கொடுத்திருக்கான். சாமான் எல்லாத்தையும் தூக்கணும்னு இல்ல, வேணும்கிறதை மட்டும் எடுத்து வை. சபையில யார் கேட்டாலும், ஆஸ்பத்திரி மூடிட்டாங்க, என் தங்கச்சி வீட்டுக்கு வர்றான்னு நானே சொல்லிக்கறேன்.

எனக்குச் சமைக்க ஆள் வேணும்னு உன்னைக் கூப்பிடல. ஓட்டல் இருக்கு. உன்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டும் கூப்பிடல. சாயங்காலம் ஆனா வீட்டுல எனக்குப் பேச ஆள் இல்ல ஜாஸ்மின். டிவியைப் போட்டுட்டு வேற ரூம்ல போய் உக்காந்துக்கறேன், உள்ள யாரோ இருக்கிற மாதிரி இருக்கும்னு.

இந்தக் கடிதம் மலை ஏறி வர்றதுக்குள்ள நானே வந்துடுவேன். இருந்தாலும் போஸ்ட் பண்றேன். நேர்ல பார்த்தா இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

உன் அண்ணன்